பட்டிப்பொல வானத்தை வாசிப்போம்: கிழமை வானிலை அறிக்கையும் முகில் வகைகளும்

இந்தப் பாடம் யாருக்கு?

மண்சரிவு அபாயம் காரணமாகப் பழைய லயத்தை விட்டு வந்து, பட்டிப்பொலவிலோ அதைச் சுற்றியுள்ள அம்பேவெல, ஒகியா பகுதிகளிலோ புதிதாகக் குடியேறும் குடும்பங்களுக்காக இது எழுதப்பட்டுள்ளது. நீங்கள் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம். கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம். எங்கிருந்து வந்தாலும் உங்களில் பலருக்கு ஒரு பழக்கம் பொதுவாக இருக்கும். இரவில் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் வராது. பிள்ளைகளை எழுப்புவதா, விடுவதா என்று இருட்டிலேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

இந்தப் பயம் வெட்கப்பட வேண்டியதல்ல. ஆனால் எல்லா மழைக்கும் பயந்துகொண்டே வாழ முடியாது. "இத்தனை வருசம் பார்க்காத மழையா?" என்று எல்லா மழையையும் அலட்சியம் செய்யவும் முடியாது. எந்த மழைக்குப் படுத்துத் தூங்கலாம், எந்த மழைக்கு எழுந்து வெளியேற வேண்டும் என்பதைப் பிரித்தறிவதே இந்தப் பாடத்தின் நோக்கம். அதற்கு மூன்று விடயங்களைக் கற்றுக்கொள்வோம்: முகிலைப் பார்ப்பது, வானிலை அறிக்கையைக் கேட்பது, வீட்டு வாசலில் மழையை அளப்பது.

1. நீங்கள் வந்திருக்கும் இடம்

பட்டிப்பொல, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் உள்ள ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. கொழும்பில் 28 பாகை இருக்கும் நேரத்தில் இங்கே ஏறக்குறைய 16 பாகைதான் இருக்கும். வானொலியில் கொழும்பின் வெப்பநிலையைச் சொன்னால் அதிலிருந்து 12 ஐக் கழித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு எந்தச் சட்டை போடுவது என்று தீர்மானிக்க அது போதும்.

இந்த ஊருக்கு இன்னொரு விசேடமும் உண்டு. பட்டிப்பொலவுக்கும் ஒகியாவுக்கும் இடையில் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அந்த மலைமுகடுதான் நுவரெலியா மாவட்டத்தையும் பதுளை மாவட்டத்தையும் பிரிக்கிறது. மத்திய மாகாணத்துக்கும் ஊவா மாகாணத்துக்கும் எல்லையும் அதுதான். காலநிலையும் அங்கேதான் பிரிகிறது. ஆடி மாதத்தில் சுரங்கத்தின் இந்த வாயிலில் மூடுபனியும் தூறலுமாக இருக்க, மறு வாயிலில் வெயில் அடிப்பதை ரயிலில் போகிறவர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

காரணம் எளிது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஈரக்காற்று வீசுகிறது. அது மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. அது முகிலாகி, மழையாகி, மேற்குச் சரிவுகளில் விழுந்துவிடுகிறது. முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் குறைந்துவிட்டது. இறங்கும் காற்று சூடாகிறது. ஆகவே வெலிமட, பண்டாரவளை பக்கம் வறண்ட காற்று வீசுகிறது. கிழக்கே மட்டக்களப்பு வரை போகும் இந்த வறண்ட காற்றைத்தான் அங்குள்ளவர்கள் கச்சான் என்கிறார்கள்.

நீங்கள் குடியேறும் இடம் இந்த முகட்டுக்கு அருகில் இருப்பதால், வானிலை அறிக்கையில் "மத்திய மாகாணம்" என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். "ஊவா" என்று வரும் பகுதியையும் கேளுங்கள். இரண்டு பக்கத்து மழையும் உங்கள் மலைக்கு வரக்கூடும்.

2. வருடத்தின் நான்கு காலங்கள்

வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் வருடத்தை நான்காகப் பிரிக்கிறது.

மார்ச், ஏப்ரல்: முதலாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். காலையில் வெயில், பிற்பகலில் இடியுடன் மழை.

மே முதல் செப்டெம்பர் வரை: தென்மேற்குப் பருவப் பெயர்ச்சிக் காலம். அக்கரப்பத்தனைப் பக்கமிருந்தும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமிருந்தும் முகில் வந்து மூடும். நாள் முழுக்கத் தூறல், பலத்த காற்று.

ஒக்டோபர், நவம்பர்: இரண்டாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். பிற்பகல் இடிமழையும் உண்டு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் தோன்றினால் நாட்கணக்கில் நிற்காத மழையும் உண்டு.

டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை: வடகீழ்ப் பருவப் பெயர்ச்சிக் காலம். மழை கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். மழை இல்லாத இரவுகளில் உறைபனி விழும்.

ஈசான மூலை கறுத்தால் மழை வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது வடகீழ்க் காற்றுக் காலத்துக்குப் பொருந்தும் அறிவு. மே முதல் செப்டெம்பர் வரை இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு நேர் எதிரான தென்மேற்கு மூலையை.

மலைநாட்டின் பெரிய அழிவுகள் சில மேலே சொன்ன மூன்றாவது காலத்தில் நடந்தவை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் பல இடங்களில் சரிந்தன. ஆகவே தீபாவளியை ஒட்டிய கிழமைகளில் வானிலை அறிக்கையைத் தவறவிடாதீர்கள்.

3. முகில்களை அறிந்துகொள்வோம்

1802 ஆம் ஆண்டு இலண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து தயாரிப்பாளர், ஓயாமல் மாறும் முகில்களையும் சில வகைகளுக்குள் அடக்கலாம் என்று காட்டினார். அவர் வைத்த லத்தீன் பெயர்களே இன்றும் உலகம் முழுவதும் வழங்குகின்றன. நமது பாடசாலைப் பிள்ளைகள் அவற்றைத் தமிழில் கீற்று முகில், திரள் முகில், படை முகில் என்று படிக்கிறார்கள். பிள்ளைகளின் உதவியோடு பின்வரும் ஐந்து வகைகளையும் வானத்தில் தேடிப் பாருங்கள்.

கீற்று முகில் (சிரஸ்): மிக உயரத்தில், பஞ்சைப் பிய்த்து இழுத்துவிட்டது போல மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். இவை பனிப்பளிங்குகளால் ஆனவை. இதிலிருந்து நேரடியாக நமக்கு மழை விழாது. அன்று துணி காயப்போடலாம். ஆனால் கீற்றுகள் கூடித் தடித்து, வானம் முழுக்க வெள்ளைப் படலமாகி, சூரியனையோ நிலாவையோ சுற்றி ஒரு வட்டம் தெரிந்தால், தூரத்தில் பெரிய முகில் கூட்டம் ஒன்று இருக்கலாம். அது ஒரு சைகை மட்டுமே. அன்று மாலை வானிலை அறிக்கையைக் கட்டாயம் கேளுங்கள்.

திரள் முகில் (குமுலஸ்): அடி தட்டையாக, மேலே பூக்கோவா போலத் திரண்டிருக்கும் வெள்ளை முகில். காலை 10 மணியளவில் சிறு சிறு திரள்களாகத் தோன்றி, அப்படியே பரந்து கலைந்துவிட்டால் அது நல்ல வானிலை. நண்பகலுக்குள் அகலத்தைவிட உயரம் அதிகமாக வளர்ந்தால் பிற்பகலில் மழையை எதிர்பார்க்கலாம்.

திரள்மழை முகில் (குமுலோநிம்பஸ்): இதையே இடிமுகில் என்கிறோம். திரள் முகில் வளர்ந்து வளர்ந்து கோபுரமாகும். வெப்பவலயத்தில் இதன் உச்சி 15 கிலோமீற்றரையும் தாண்டலாம். உச்சி பட்டறைக்கல் போல விரிந்திருக்கும். அடி கருநீலமாக இருக்கும். குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும். இடி, மின்னல், ஆலங்கட்டி, திடீர்க் காற்று எல்லாம் இதிலிருந்து வருகின்றன.

படை முகில் (ஸ்ட்ரேட்டஸ்): சாம்பல் நிறப் போர்வை போல, உருவம் எதுவும் இல்லாமல் மூடியிருக்கும் தாழ்ந்த முகில். தூறல் தரும், கொட்டாது. படை முகிலின் அடி பெரும்பாலும் 2,000 மீற்றருக்குக் கீழே இருக்கும். நாம் இருப்பதோ 1,900 மீற்றரில். ஆகவே தாழ்நிலத்தில் தலைக்கு மேலே தெரியும் முகில்தான் இங்கே நமது வாசலுக்குள் நுழையும் மூடுபனி. முகிலுக்குள் நின்றுகொண்டே நாம் முகிலைத் தேடுகிறோம்.

மழைப்படை முகில் (நிம்போஸ்ட்ரேட்டஸ்): படை முகிலைவிடத் தடிப்பானது, இருண்டது. சூரியன் இருக்கும் இடமே தெரியாது. இடி இருக்காது, மின்னல் இருக்காது. அளவான மழை மணிக்கணக்காக, சில வேளை நாட்கணக்காகப் பெய்யும். சத்தம் போடாத மழை என்பதால் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் மண்ணுக்குள் ஆழமாக இறங்குவது இந்த மழைதான். இடிமழையின் பெரும்பகுதி கானில் ஓடிவிடும். நின்று பெய்யும் மழை மலைக்குள் ஊறும். ஊறிய மண் பாரமாகும், மண்துகள்களுக்கிடையிலுள்ள பிடிப்பு தளரும். அந்த நிலையில் அதன் மேல் ஒரு பெருமழை கொட்டினால் மலை தாங்காது.

ஆகவே ஒரு பாடத்தை இங்கேயே மனதில் வையுங்கள். பயமுறுத்துகிற முகில் வேறு, ஆபத்தைச் சேர்த்து வைக்கிற முகில் வேறு. முதலாவது மின்னலால் கொல்லும். இரண்டாவது சத்தமில்லாமல் மலையை நனைத்து வைக்கும்.

4. முகிலைப் பார்த்து அன்றாட வேலைகளைத் திட்டமிடுதல்

இடிமுகில் தெரிந்தால்: மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை வந்த செக்கன்களை 3 ஆல் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் என்று தெரியும். 30 செக்கனுக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. மலையில் கொழுந்து எடுப்பவர்கள் உடனே இறங்கிக் கட்டடம் ஒன்றுக்குள் போக வேண்டும். சவுக்கு மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள். மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி போன்றவற்றைக் கையில் வைத்திருக்காதீர்கள். கட்டடம் பக்கத்தில் இல்லையென்றால் பள்ளமான இடத்தில் பாதங்களைச் சேர்த்துக் குந்தியிருங்கள், படுக்காதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மலைக்குத் திரும்புங்கள். கங்காணியும் துரையும் இந்த விதியை அறிந்திருக்கும்படி முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

மூடுபனி இறங்கினால்: ரயில் பாதையை நடைபாதையாகப் பயன்படுத்தும் வழக்கம் இங்கே பலருக்கு உண்டு. மூடுபனியில் ரயில் கிட்ட வரும்வரை தெரியாது, சத்தமும் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது. பாடசாலைப் பிள்ளைகளை அந்நாட்களில் ரயில் பாதையில் அனுப்பாதீர்கள். வீதியில் போனாலும் வெளிர் நிறச் சட்டையோ, தெளிவாகத் தெரியும் துணியோ அணிவித்து அனுப்புங்கள்.

இரவில் முகிலே இல்லாவிட்டால்: தாழ்நிலத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புதிது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்து, காற்றும் அடங்கி, நட்சத்திரம் நிறைந்திருந்தால் அந்த இரவு கடும் குளிராக இருக்கும். முகில் என்பது நிலத்துக்கு ஒரு கம்பளி. அது இல்லாதபோது பகலில் வாங்கிய சூட்டை நிலம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்கு இலையும் கருகும். பள்ளமான நிலத்தில் குளிர்காற்று தேங்குவதால் சேதம் அங்கேதான் அதிகம். வீட்டுத்தோட்டம் போடுவதாக இருந்தால் உருளைக்கிழங்கையும் போஞ்சியையும் மேட்டுப்பக்கம் நடுங்கள். வெயில் படுமுன் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கழுவிவிடுவது இங்குள்ள மரக்கறித் தோட்டக்காரர்களின் வழக்கம்.

அத்தகைய இரவுகளில் கதவு யன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பையோ விறகுத் தணலையோ வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

5. வானிலை அறிக்கையைக் கேட்பது எப்படி?

வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் வானிலை எதிர்வுகூறலை மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்கலாம். அதில் வரும் சில சொற்களின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"சில இடங்களில்" என்றால் எல்லா இடங்களிலும் அல்ல. அம்பேவெலவில் பெய்து பட்டிப்பொலவில் பெய்யாமலும் போகலாம். அறிக்கை பொய்யாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

"பிற்பகல் 1 மணிக்குப் பிறகு இடியுடன் கூடிய மழை" என்றால் காலை உங்களுடையது. துணி துவைப்பது, விறகு காயவைப்பது, நுவரெலியாவுக்குப் போய்வருவது எல்லாம் அதற்கு முன் முடியட்டும்.

"மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகள்", "கிழக்குச் சரிவுகள்" என்று பிரித்துச் சொல்வார்கள். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

"75 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை" என்றால் அது ஒரு நாள் முழுவதற்குமான அளவு. ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். உங்களுக்குக் கிடைத்த காணி 7 பேர்ச் என்றால் அது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். 75 மில்லிமீற்றர் மழையில் அந்தக் காணியில் மட்டும் 13,000 லீற்றருக்கு மேல் விழுகிறது. 150 மில்லிமீற்றரில் 26,500 லீற்றர். 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி 26 ஐ ஒரே நாளில் உங்கள் வளவில் கவிழ்த்தது போல. வீட்டைச் சுற்றியுள்ள கானைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறோம் என்பது இப்போது புரியும்.

கைத்தொலைபேசியில் 7 நாட்களுக்கான படம் வரும். அதையும் பார்க்கலாம், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, முதல் இரண்டு மூன்று நாட்களுக்கான செய்தியே ஓரளவு உறுதியானது. ஐந்தாம், ஆறாம் நாளுக்கான படம் ஒரு போக்கை மட்டுமே காட்டும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் போதாது, ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். இரண்டாவது, "மழைக்கு வாய்ப்பு 60 வீதம்" என்றால் 60 வீதமான நேரம் மழை பெய்யும் என்பதல்ல. இதுபோன்ற 10 நாட்களில் 6 நாட்கள் மழை பெய்யக்கூடும் என்பதே பொருள். எவ்வளவு மழை என்பதை அது சொல்வதில்லை.

6. மண்சரிவு எச்சரிக்கை: மூன்று நிறங்கள்

மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். அது மூன்று மட்டங்களில் வரும்.

மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை இதற்கான பொது அளவு.

செம்மஞ்சள்: வெளியேறத் தயாராக இருங்கள். 24 மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றர்.

சிவப்பு: உடனே வெளியேறுங்கள். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர்.

இந்த எச்சரிக்கையில் உங்கள் தோட்டத்தின் பெயரோ டிவிசனின் பெயரோ வராது. பிரதேச செயலாளர் பிரிவின் பெயர்தான் வரும். புதிய இடத்தில் நீங்கள் எந்தப் பிரிவில் பதியப்பட்டுள்ளீர்கள் என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு, எழுதி, சுவரில் ஒட்டி வையுங்கள். பெயர் தெரியாதவருக்கு எச்சரிக்கை வந்தும் பயனில்லை.

பின்வரும் அடையாளங்களில் எதையாவது கண்டால் நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்: நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், கதவு யன்னல் திடீரென்று இறுகுதல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், அல்லது வழக்கமான ஊற்று நின்றுபோதல், பீலித் தண்ணீர் சேறாக வருதல், மலைக்குள் உறுமல் போன்ற சத்தம். உடனே வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள். காயமடைந்தவர்களுக்கு 1990 அம்பியூலன்ஸ் சேவையை அழையுங்கள்.

7. செய்து பாருங்கள்: வாசலில் ஒரு மழைமானி

அறிக்கை முழு மாவட்டத்துக்கும் உரியது. உங்கள் வாசலில் பெய்ததை நீங்களே அளக்கலாம். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமான பால்மா டின் ஒன்றை எடுங்கள். கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் சொட்டாத திறந்த இடத்தில், சாயாதபடி கல் அணைத்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலை 8.30 க்கு உள்ளே நிற்கும் தண்ணீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து மில்லிமீற்றரில் எழுதுங்கள். பிறகு தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். வானிலை நிலையங்களிலும் அதே நேரத்தில்தான் ஒரு நாள் மழையைக் கணக்கிடுகிறார்கள். டின் பெரிதானாலும் சிறிதானாலும் ஆழம் ஒன்றுதான். இந்த வேலையைப் பாடசாலை போகும் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு நாளும் மறக்காது.

8. பயிற்சிக்கு ஒரு கிழமை

கீழே வருவது பயிற்சிக்காக எழுதப்பட்ட ஒரு நவம்பர் கிழமை. ஒவ்வொரு நாளும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டே வாசியுங்கள்.

திங்கள்: காலையில் கீற்று முகில், பிற்பகலில் இடிமழை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகலாம், கிழமை நடுவில் மழை கூடும் என்கிறது அறிக்கை. டின்னில் 6 மில்லிமீற்றர். இன்றே கானைத் துப்புரவாக்குங்கள். விறகை உள்ளே எடுங்கள்.

செவ்வாய்: வானம் வெள்ளைப் படலமாகி, பிறகு சாம்பல் நிறமானது. டின்னில் 18. அரிசி, மருந்து, மெழுகுதிரி இருக்கிறதா என்று பாருங்கள். தொலைபேசிக்கு மின்னேற்றுங்கள்.

புதன்: மழைப்படை முகில். இடி இல்லை, மழை நிற்கவும் இல்லை. டின்னில் 35. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் அட்டை ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் கட்டுங்கள்.

வியாழன்: டின்னில் 62. "75 ஆகவில்லையே" என்று இருந்துவிடலாமா? நான்கு நாளையும் கூட்டிப் பாருங்கள், 121 ஆகிறது. மலை ஏற்கெனவே ஊறியிருக்கிறது. பிற்பகலில் செம்மஞ்சள் எச்சரிக்கை வருகிறது. வெளிச்சம் இருக்கும்போதே முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் சிறு பிள்ளைகளையும் குறித்துவைத்த பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். இருட்டிலும் மழையிலும் மலைப்பாதையில் நடப்பதே இன்னொரு ஆபத்து. மற்றவர்களும் அன்றிரவு அங்கே தங்கினால் நட்டம் ஒன்றுமில்லை, ஒரு இரவுத் தூக்கம் மட்டும்தான்.

வெள்ளி: எச்சரிக்கை சிவப்பாகிறது. இப்போது வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. மாட்டை அவிழ்க்கவோ தொலைக்காட்சியை எடுக்கவோ யாரையும் திரும்ப அனுப்பாதீர்கள்.

சனி: மழை விட்டது. முகில் கலைந்து வெயிலும் வருகிறது. எல்லோருக்கும் வீட்டுக்குப் போக அவசரம். போக வேண்டாம். மழை நின்ற பிறகும் ஊறிய மலை சரியலாம்.

ஞாயிறு: எச்சரிக்கை விலக்கப்பட்டது என்று கிராம அலுவலர் உறுதிசெய்கிறார். முதலில் பெரியவர்கள் இருவர் போய், நிலத்தையும் சுவரையும் பார்த்து வெடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகு மற்றவர்கள் திரும்புகிறார்கள்.

இந்தக் கிழமையின் முடிவில் மலை சரியாமலே இருந்திருக்கலாம். "வீணாகத்தானே போனோம்" என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்ல உயிரோடு இருப்பதுதான் போனதன் பலன்.

9. கடைசியாக ஒன்று

மீரியபெத்தை ஆபத்தான இடம் என்பது அழிவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் போவதற்கு வேறு இடம் இல்லாதவருக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தால் போதாது. நீங்கள் இப்போது புதிய இடத்துக்கு வருவது அதற்காகத்தான். இருந்தாலும், புதிய வீடு என்பதால் மலை பழைய மலை இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் காணிக்கு மேலேயுள்ள மண்ணை வெட்டும்போது, கானை அடைக்கும்போது, சமையலறையைப் பின்பக்கம் நீட்டும்போது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைக் கேளுங்கள்.

இந்த விடயங்களை இன்று இரவு வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்:

நமது பிரதேச செயலாளர் பிரிவின் பெயர் என்ன? பாதுகாப்பான இடம் எது, எந்தப் பாதையால் போவது? இரவில் எச்சரிக்கை வந்தால் யார் அப்பாயியை அழைத்துப் போவது, யார் குழந்தையைத் தூக்குவது? பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவரை யார் எழுப்புவது? கடிதங்கள், அட்டைகள் உள்ள உறை எங்கே தொங்குகிறது? நாளைக் காலை 8.30 க்கு டின்னை யார் அளப்பது?

இவற்றுக்குப் பதில் தெரிந்த வீட்டில், தகரத்தில் மழை விழும்போது எல்லோரும் விழித்திருக்க வேண்டியதில்லை. அறிக்கையையும் டின்னையும் பாருங்கள். போக வேண்டிய மழை என்றால் போய்விடுங்கள். இல்லையென்றால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள்.